எட்டரை நாட்டுச் சனி

ஏழரை நாட்டுச் சனி என்றால் என்னவென்று நமது நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் தட்டிப் போனாலும் சரி, உத்தியோக உயர்வு நின்று போனாலும் சரி, வீட்டுப் பெரியவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டுப் பழியைச் சனி பகவான் தலையிலேதான் போடுவார்கள். ஆனாலும் அந்த மகானுபாவரிடம் ஒரு நியாயம் உண்டு. ஏழரை வருஷம் என்றால் ஏழரை வருஷந்தான். வரும் தேதியும் போகும் தேதியும் முன்கூட்டியே அச்சாகிவிடுகின்றன. பரிகாரத்துக்கு எள் விளக்கும் இருக்கிறது.

அமெரிக்காவில் டெக்ஸஸ் ராஜ்யத்துக் குழந்தைகளைப் பிடித்தது ஏழரை அல்ல, எட்டரை. அது 2004-ம் வருஷத்தில் வந்தது. வரும்போது யாரிடமும் சொல்லிக்கொண்டு வரவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் குடியிருந்தது. அது எழுதப்பட்டிருந்தது பஞ்சாங்கத்தில் அல்ல. ஒரு சர்க்கார் காரியாலயத்தின் கணக்கில். பட்ஜெட்டில் பணம் குறையும்போது அந்தக் குறை யார் தலையில் போய் விழுகிறது, எப்படிச் சத்தமில்லாமல் விழுகிறது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. ஆகையால் இந்த வாரம் அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல உத்தேசித்திருக்கிறோம்.

சட்டம் கொடுத்த வாக்கு

கதைக்கு ஒரு முன்கதை உண்டு. அமெரிக்கா பணக்கார தேசம். அங்கே இலவசப் பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் கண் தெரியாத குழந்தை, காது கேளாத குழந்தை, புத்தி மெதுவாக வளரும் குழந்தை, எழுத்தைக் கூட்டிப் படிக்க வராத குழந்தை ஆகியவர்களில் பலரைப் பள்ளிக்கூடங்கள் வெகு காலம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தன. 1972-ம் வருஷத்தில், தலைநகராகிய வாஷிங்டனில், இத்தகைய ஏழு குழந்தைகளின் சார்பில் தொடரப்பட்டிருந்த ஒரு வழக்கில் தீர்ப்பாயிற்று. மில்ஸ் வழக்கு என்று அதற்குப் பெயர். அந்த ஒரு நகரத்தில் மட்டும் இப்படிப்பட்ட குழந்தைகள் சுமார் 22,000 பேர் இருக்கலாம் என்றும், அவர்களில் 18,000 பேர் வரையில் தங்களுக்கு வேண்டிய விசேஷக் கல்வியைப் பெறவில்லை என்றும் கோர்ட்டில் வெளியாயிற்று.

பள்ளிக்கூட நிர்வாகிகள் சொன்ன சமாதானம் உலகத்துக்கெல்லாம் பழக்கமான சமாதானந்தான்: "பணம் இல்லை." நீதிபதி ஜோசப் வாடி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பணம் போதாதென்றால், இருக்கிற பணத்தை எல்லாக் குழந்தைகளுக்கும் நியாயமாகப் பங்கிட வேண்டும். பற்றாக்குறையின் பாரம் மற்றக் குழந்தைகள் மேல் விழுவதைக் காட்டிலும் குறையுள்ள குழந்தையின் மேல் அதிகமாக விழக் கூடாது என்பது அவருடைய தீர்ப்பின் சாரம்.

இந்த நியாயம் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சட்டப் படிப்பில்லாமலே தெரியும். மாதக் கடைசியில் அரிசி குறைந்தால் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றுவார்களேயன்றி, நோஞ்சான் குழந்தையின் இலையை மட்டும் எடுத்துவிட மாட்டார்கள். உண்மையில் அந்தக் குழந்தைக்கு ஒரு கரண்டி அதிகமாகவே விழும்.

மூன்று வருஷத்துக்கெல்லாம் அமெரிக்கக் காங்கிரஸ் மகாசபை இந்த நியாயத்தைத் தேசம் முழுவதற்கும் சட்டமாக்கியது. 1975-ம் வருஷத்துச் சட்டத்தின் முகப்பிலேயே மூன்று விவரங்கள் கண்டிருக்கின்றன. குறையுள்ள குழந்தைகள் தேசத்தில் 80 லட்சத்துக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தகுந்த கல்வி கிடைக்கவில்லை. 10 லட்சம் பேருக்குப் பள்ளிக்கூட வாசலே அடைத்திருக்கிறது. இனிமேல் ஒவ்வொரு குழந்தைக்கும், அதன் தேவைக்கேற்ற கல்வியை, அதற்கென்று தனியாக எழுதிய திட்டத்தின்படி, இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் விதித்தது. அத்துடன் ஒரு முக்கியமான கடமையும் சேர்ந்தது. பெற்றோர் வந்து கேட்கும் வரையில் சர்க்கார் காத்திருக்கக் கூடாது. உதவி வேண்டிய குழந்தை எங்கே இருக்கிறது என்று சர்க்காரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

செலவு? ஒரு குழந்தையின் படிப்புக்குச் சராசரியாக ஆகும் செலவில் 40 சதவிகிதம் வரையில் மத்திய சர்க்கார் தரும் என்று சட்டம் ஆசை காட்டிற்று. அன்றைய ஜனாதிபதி ஜெரால்டு போர்டு கையெழுத்துப் போடும்போதே, மத்திய சர்க்காரால் கொடுக்க முடிந்ததைவிட இந்தச் சட்டம் அதிகமாக வாக்களிக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார். அவர் வாக்குப் பலித்தது. அந்த 40 சதவிகிதம் இது வரையில் ஒரு வருஷமாவது முழுசாக வந்து சேரவில்லை. சமீப வருஷங்களில் வந்தது 15 சதவிகிதத்தைக்கூட எட்டவில்லை. மீதிப் பாரம் ராஜ்யங்களின் தலையிலும் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் தலையிலும் விழுந்தது.

எட்டரை வந்த விதம்

இனிமேல் டெக்ஸஸுக்கு வருவோம். 2003-ம் வருஷத்தில் அந்த ராஜ்யத்தின் கஜானாவில் பெரிய பள்ளம் விழுந்தது. சட்டசபை சிக்கனக் கத்தியைக் கையில் எடுத்தது. கல்வி இலாகாவுக்கும் வெட்டு விழுந்தது.

விசேஷக் கல்வி செலவு பிடித்த காரியம் என்பதை மறைப்பதற்கில்லை. சாதாரண மாணவன் ஒருவனுக்கு ஆகும் செலவைப்போல் சுமார் இரண்டு மடங்கு இத்தகைய குழந்தைக்கு ஆவதாக 1999-2000-ல் அமெரிக்காவில் எடுத்த கணக்கு ஒன்று சொல்லுகிறது. தனியாகப் பயிற்சி பெற்ற உபாத்தியாயர் வேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் வேண்டும். சில குழந்தைகளுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் வேண்டும். ஆனால் சட்டம் இருக்கிறபடியால், சேர்த்துக்கொண்ட குழந்தைக்கு உதவியைக் குறைத்தால் பெற்றோர் கோர்ட்டுக்குப் போவார்கள். அப்படியானால் செலவைக் குறைக்க என்ன வழி? ஒரே வழிதான் பாக்கி. உதவி வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கையே குறைந்துவிட வேண்டும்!

அந்த நாட்டில் ஒவ்வொரு வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களையும் தனித் தனி நிர்வாக சபை நடத்துகிறது. பள்ளிக்கூட ஜில்லா என்று அதைச் சொல்லலாம். டெக்ஸஸில் அத்தகைய ஜில்லாக்கள் ஆயிரத்துக்கு மேல் உண்டு. ராஜ்யத்தின் கல்வி இலாகா ஆண்டுதோறும் அவற்றுக்கு மார்க் போடும். 2004-ம் வருஷத்தில் அந்த மார்க் பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது. மாணவர்களில் 8.5 சதவிகிதம் அல்லது அதற்குக் குறைவானவர்கள் விசேஷக் கல்வி பெற்றால் அந்த ஜில்லாவுக்கு நல்ல மார்க். அதற்கு மேலே போகப் போக மார்க் கெட்டுக்கொண்டே வரும். மிகவும் மேலே போய்விட்டால், ஏன் இத்தனை பேர் என்று விளக்கம் எழுத வேண்டும். குறைப்பதற்குத் திட்டம் போட வேண்டும். மேலதிகாரிகளின் பார்வைக்கு ஆளாக வேண்டும்.

அப்போது டெக்ஸஸில் நூறு மாணவர்களில் சுமார் பன்னிரண்டு பேர் விசேஷக் கல்வி பெற்று வந்தார்கள். தேச முழுவதும் பார்த்தால் சுமார் பதின்மூன்று பேர். எட்டரை என்பது எங்கிருந்து வந்தது? எந்த வைத்திய சாஸ்திரத்திலிருந்தும் வரவில்லை. எந்த மனோதத்துவ ஆராய்ச்சியிலிருந்தும் வரவில்லை. ஜனங்களிடம் அறிவித்து அபிப்பிராயம் கேட்டதும் இல்லை. காரியாலயத்தில் சிலர் கூடி எழுதினார்கள், எண் பிறந்துவிட்டது.

வகுப்பறையில் நடந்தது

அந்த எண் ஒரு வகுப்பறைக்குள் வந்து என்ன செய்யும் என்பதுதான் நமது நேயர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். எந்த உத்தியோகஸ்தரும் ஒரு குழந்தையின் கையைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. எந்தச் சட்டமும் ரத்தாகவில்லை. எல்லாம் வெகு மரியாதையாகவே நடந்தது.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாயால் கேட்டால் பளிச்சென்று பதில் சொல்லுகிறான். புத்தகத்தைப் பிரித்தால் ஒரு வரிகூடக் கூட்டிப் படிக்க வரவில்லை. டிஸ்லெக்ஸியா என்று இதற்கு வைத்தியர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். தகுந்த முறையில், சிறு வயதிலேயே கற்பித்தால் பெரும்பாலும் படித்துத் தேறிவிடக்கூடிய குழந்தை அவன். தாயார் பள்ளிக்கூடத்துக்குப் போய், "பையனைப் பரிசோதித்துப் பாருங்கள்" என்று கேட்கிறாள். "பேஷாகப் பார்க்கலாம். முதலில் சாதாரண வகுப்பிலேயே கொஞ்சம் அதிகமாகச் சொல்லிக் கொடுத்துப் பார்ப்போம்" என்கிறார்கள். ஆறு மாதம் போகிறது. "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்கிறார்கள். வருஷம் போகிறது. "விசேஷக் கல்வி எதற்கு? பரீட்சையில் சற்று அதிக நேரம் கொடுத்துவிடுகிறோம், போதாதா?" என்று கேட்கிறார்கள். அந்தத் தாயார் என்ன செய்வாள்? சட்டத்தை வாசித்தவளா? வக்கீல் வைக்கக்கூடியவளா? வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள்.

இந்த விதமாகத் தட்டிக் கழித்ததும், தாமதம் செய்ததும், வேறு சில்லறை உதவிகளைக் காட்டி விசேஷக் கல்விக்குப் போகாமல் தடுத்ததும் பின்னால் மத்திய சர்க்காரின் விசாரணையில் ருசுவாயின. உபாத்தியாயர்கள் கொடியவர்கள் என்பதல்ல. எண்ணுக்குப் பயந்த ஜில்லா தலைமை வாத்தியாரைப் பயமுறுத்தும். தலைமை வாத்தியார் வகுப்பு வாத்தியாரை ஜாடையாகப் பார்ப்பார். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருந்தது ஏழு வயதுப் பையன்.

கணக்கைப் பாருங்கள். 2003-04-ல் டெக்ஸஸில் விசேஷக் கல்வி பெற்றவர்கள் சுமார் 5,09,000 பேர். 2016-17-ல் சுமார் 4,77,000 பேர். இதற்கிடையில் பள்ளிக்கூடங்களில் மொத்த மாணவர் தொகை 43 லட்சத்திலிருந்து 53 லட்சத்துக்கு மேல் ஏறிவிட்டது. பத்து லட்சம் குழந்தைகள் கூடுதலாக வந்தார்கள். உதவி பெறுகிறவர்கள் மட்டும் 32,000 பேர் குறைந்தார்கள்! பழைய விகிதமே நீடித்திருந்தால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் குழந்தைகள் அதிகமாக உதவி பெற்றிருப்பார்கள் என்று நாம் பென்சிலால் போட்டுப் பார்த்த கணக்கே சொல்லுகிறது.

கல்வி இலாகாவின் கட்சி

எதிர்க் கட்சிக்காரர் வாதத்தையும் கேட்பதுதான் தர்மம். எட்டரை என்பது உச்ச வரம்பே அல்ல, நிலைமையைக் கவனிப்பதற்காக வைத்த ஓர் அடையாளக் கோடுதான் என்று டெக்ஸஸ் கல்வி இலாகா சாதித்தது. சின்ன வகுப்புக்களில் நல்ல முறையில் கற்பித்ததனால்தான் விசேஷக் கல்வி தேவைப்படுகிறவர்கள் குறைந்தார்கள் என்றும் சொல்லிற்று.

இதில் உண்மையின் துணுக்கு ஒன்று இல்லாமல் இல்லை. குறையில்லாத குழந்தைக்குக் குறையுள்ளதென்று முத்திரை குத்துவதும் பாவந்தான். அமெரிக்காவில் நீக்ரோ இனத்தார் என்று முற்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பு மக்களின் குழந்தைகளுக்கு அந்த அநீதி அதிகமாகவே நடந்திருக்கிறது. முத்திரை தப்பாக விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது கல்வி இலாகாவின் கடமை. ஆனால் அதற்கு வழி ஒவ்வொரு குழந்தையையும் நன்றாகப் பரிசோதிப்பது. பரிசோதனையையே தள்ளிப் போடுவது அல்ல. ஊரில் காய்ச்சல் குறைந்திருக்கிறதா என்று பார்க்க விரும்புகிற வைத்தியர் உஷ்ணமானியை அதிகமாக உபயோகிப்பார். அதைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுக் காய்ச்சல் குறைந்துவிட்டதென்று சொல்ல மாட்டார். மேலும், ஒரு ஜில்லாவில் எண்ணிக்கை அளவுக்கு மீறிக் குறைந்தால் அதற்கும் மார்க் கெட வேண்டுமல்லவா? அந்தப் பக்கத்தில் கோடே கிடையாது!

சனி விலகியது

இந்த ரகசியத்தை வெளிப்படுத்தியது ஒரு பத்திரிகை. 2016-ம் வருஷம் ஹூஸ்டன் நகரத்து "கிரானிக்கிள்" பத்திரிகை, பெற்றோரையும் உபாத்தியாயர்களையும் கண்டு பேசி, சர்க்கார் தஸ்தாவேஜுகளைத் துருவி ஆராய்ந்து, தொடர்ச்சியாகக் கட்டுரைகள் பிரசுரித்தது. பெற்றோர் தங்கள் குழந்தைக்கு மட்டும் நேர்ந்த துரதிருஷ்டம் என்று எண்ணியிருந்தார்கள்; எல்லோருக்கும் ஒரே காரணம் என்று அப்போதுதான் தெரிய வந்தது. 2017-ல் ராஜ்யத்தின் சட்டசபை இத்தகைய வரம்பு இனிமேல் கூடாதென்று சட்டம் செய்தது. 2018 ஜனவரியில் மத்திய சர்க்காரின் கல்வி இலாகா, டெக்ஸஸ் சட்டத்தை மீறியிருக்கிறது என்று முடிவு கூறியது.

அந்த ராஜ்யத்தின் மேல் இன்னொரு கணக்கும் இருந்தது. 2012-ம் வருஷத்தில் விசேஷக் கல்விக்குத் தான் கொடுத்து வந்த பணத்தில் 3 கோடியே 33 லட்சம் டாலரை டெக்ஸஸ் குறைத்துக்கொண்டது. மத்திய உதவி பெறுகிற ராஜ்யம் தன் பங்கை முந்தின வருஷத்தைவிடக் குறைக்கக் கூடாதென்பது சட்டம். குழந்தைகளின் தேவை குறைந்தபடியால் செலவும் குறைந்தது என்று டெக்ஸஸ் வாதாடிற்று. தேவையைக் குறைவாக மதிப்பிட்டதும் இவர்களே. அந்த மதிப்பீட்டைச் சாட்சிக்கு அழைத்ததும் இவர்களே! 2018 நவம்பரில் அப்பீல் கோர்ட்டு இந்த வாதத்தை நிராகரித்துவிட்டது.

சனி விலகினால் போகும்போது ஏதாவது கொடுத்துவிட்டுப் போவார் என்பார்கள். எட்டரைச் சனி கொடுத்துவிட்டுப் போனது பாக்கிச் சீட்டுத்தான். கதவு திறந்ததும் வெளியே காத்திருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். 2023-24-ல் விசேஷக் கல்வி பெறுகிறவர்களின் தொகை 7 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பரிசோதிக்க நிபுணர் போதவில்லை. கற்பிக்க உபாத்தியாயர் போதவில்லை. செய்ய வேண்டியதை டெக்ஸஸ் இன்னும் முழுதும் செய்யவில்லை என்று 2021-லும் மத்திய சர்க்கார் எழுத வேண்டியிருந்தது.

காத்திருந்து உள்ளே வந்தவர்களாவது பாக்கியசாலிகள். 2004-ல் முதல் வகுப்பில் சேர்ந்த ஒரு குழந்தை 2016-ல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கும். பத்திரிகை உண்மையை வெளியிட்டபோது அந்தக் குழந்தையின் பள்ளிக்கூட வாழ்க்கையே தீர்ந்துவிட்டது. வாலிபத்தில் வரும் சனியைப் பொங்கு சனி என்றும், சிறு பிராயத்தில் வருவதை மங்கு சனி என்றும் பெரியவர்கள் பிரித்துச் சொல்லுவது வழக்கம். ரஸ்தா போட வேண்டிய பணத்தை இந்த வருஷம் நிறுத்தினால் அடுத்த வருஷம் போடலாம். ஏழு வயதில் கற்பிக்க வேண்டியதைப் பத்தொன்பதாவது வயதில் கொண்டுவந்து நீட்டினால், அது அதே பொருள் அல்ல.

காவற்காரனை அனுப்பிவிட்டால்?

டெக்ஸஸ் தவறு செய்தது. மத்திய சர்க்கார் கண்டித்தது. ஆனால் கண்டிக்க ஓர் இலாகா இருந்ததனால் அல்லவா கண்டிக்க முடிந்தது? 2025 மார்ச் மாதத்தில் அமெரிக்க சர்க்கார் தனது கல்வி இலாகாவின் சிப்பந்திகளை, 4,100-க்கு மேல் இருந்தவர்களை, ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதாக அறிவித்தது. அதே வருஷம் அக்டோபரில், விசேஷக் கல்விச் சட்டம் சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வை செய்யும் பகுதியில் பெரும்பாலோருக்கு வேலை நீக்க நோட்டீஸ் போயிற்று. நவம்பரில் காங்கிரஸ் மகாசபை செய்த சட்டத்தினால் அந்த நோட்டீஸுகள் ரத்தாயின. சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், சட்டத்தைக் காப்பவனை மாத்திரம் வீட்டுக்கு அனுப்புவதும் பட்ஜெட் வெட்டுக்களில் ஒரு தினுசு என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

நம் வீட்டு எட்டரை

அமெரிக்காவின் அழுக்கைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்வதற்காக இதை நாம் எழுதவில்லை. நம் தேசத்தின் கணக்கையும் ஒரு முறை பார்ப்போம். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அதாவது ஜனத்தொகையில் 2.21 சதவிகிதம். உலக ஜனங்களில் ஏறக்குறைய 16 சதவிகிதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க குறை இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. இரண்டு கணக்கும் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல என்பது மெய்தான். அதற்காகப் பாரத தேசத்தில் மட்டும் ஆரோக்கியம் இப்படிப் பொங்கி வழிகிறது என்று எண்ணிப் பெருமைப்பட நமக்குத் துணிவில்லை. எண்ணாமல் விட்டவர்கள் அநேகர் என்பதே பொருத்தமான முடிவு.

2016-ம் வருஷத்துச் சட்டம் அதுவரையில் ஏழாக இருந்த குறைகளின் பட்டியலை இருபத்தொன்றாக விரித்தது. படிப்பு வராத கஷ்டமும் ஆட்டிஸமும் அதில் இடம் பெற்றன. ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரையில் இலவசக் கல்வி உரிமையும் கொடுத்தது. பத்துக் குழந்தைகளுக்கு ஒரு விசேஷ உபாத்தியாயர், மேல் வகுப்புக்களில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு விகிதம் வகுத்தது. அதன்படி உத்தியோக ஸ்தானங்களை ஏற்படுத்தி அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் அதே கோர்ட்டு ராஜ்யங்களுக்கு மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது. மூன்று வருஷத்துக்கு மேலான பின்பும் ஸ்தானங்களே ஏற்படவில்லை என்றால், உபாத்தியாயர் எங்கிருந்து வருவார்?

இங்கேதான் எண்ணிக்கையின் சூட்சுமம் இருக்கிறது. எத்தனை குழந்தைகள் என்று தெரிந்தால் இத்தனை உபாத்தியாயர் வேண்டும் என்று கணக்குப் போடலாம். இத்தனை ரூபாய் வேண்டும் என்று கேட்கலாம். குழந்தை கணக்கிலேயே வராவிட்டால் பட்ஜெட் சமன் பட்டதாகவே தோன்றும். கணக்கில் வராத குழந்தைக்கு வெட்டு விழுந்ததாக எந்த வரவு செலவு அறிக்கையிலும் காணாது.

ஆகையால் சட்டசபையில் பட்ஜெட் வாசிக்கும்போது நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றல்ல, இரண்டு. "விசேஷக் கல்விக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்?" என்பது முதற் கேள்வி. "எத்தனை குழந்தைகளைத் தேடிப் போய்ப் பார்த்தீர்கள்?" என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு விடை கிடைக்காவிட்டால் முதற் கேள்வியின் விடைக்கு அர்த்தமில்லை.

சர்க்காரைக் கேட்கும் உரிமை நமக்கு வர வேண்டுமானால், நாமும் ஒன்று செய்ய வேண்டும். "படிப்பு ஏறவில்லை" என்று சொல்லிக் கடைசிப் பெஞ்சியில் விட்டுவிட்ட பையனும், "விருந்தாளிகள் வருகிறார்கள், உள்ளே இரு" என்று ஒதுக்கி வைத்த பெண்ணும் நம் வீடுகளிலும் தெருக்களிலும் இல்லாமல் இல்லை. மக்கு என்ற ஒரு வார்த்தையினால் நாமும் எத்தனையோ குழந்தைகளைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டிருக்கிறோம். அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும், "இந்தக் குழந்தையைப் பாருங்கள், பெயரை எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும். பெயர் புத்தகத்தில் ஏறிய குழந்தையை எந்த மந்திரியாலும் சுலபமாக மறந்துவிட முடியாது.